அர்த்தநாரியின் பலகை நேராகத்தான் இருந்தது

அர்த்தநாரி இறந்துபோன செய்தியை அவருடைய மருமகன் வந்து சொன்னபோது நான் வாசல் குழாயடியில் வாளி நிரம்பக் காத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, "மாமா போயிட்டாருங்க சார். காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்டவுடன் வெட்கமாக இருந்தது. மணியைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ஒரு கல்லூரியின் உளவியல் சோதனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நேரத்தையும் நீளத்தையும் நோட்டில் குறித்து வைத்தே ஓய்வு பெற்றவன் நான். வாயில் முதலில் அந்தக் கேள்விதான் வருகிறது. மருமகன் பொறுமையாக, "ஏழே கால் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நம் தமிழ்ச் சங்க இதழில் இதை வாசிக்கும் உங்களில் பலர் அன்று மைசூர் விஜயநகரில் அவர் வீட்டு வாசலில் இருந்தீர்கள். அவரைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். பேசியவர்களில் நஞ்சப்பாவும் ஒருவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடியோ கேம் பார்லர் நடத்துகிறவர், அர்த்தநாரியிடம் பல வருடங்கள் வேலை கொடுத்தவர், அவர்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். அந்தப் பிரியத்தோடுதான் அவர் சொன்னார்: "என்ன கை சார் அது! பாவம், கடைசில கண்ணு மோசம் பண்ணிடுச்சு. அந்த எக்ஸிபிஷன் வருஷம் பலகையக் கோணலா இழைச்சிட்டு நின்னாரே, நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு." சிலர் தலையசைத்தார்கள். ஒருவர், "வயசானா அப்படித்தான்" என்றார். நான் ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நஞ்சப்பா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததை அவர் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. அது தெரியாமல் அந்தக் கதையைச் சொன்னால் அர்த்தநாரியின் கண்ணுக்கும் கைக்கும் அவமானமாகிவிடுகிறது. முன்னால் நடந்ததை அறிந்தவன் நான். அதற்குக் காரணமும் நான். அஞ்சலி எழுதத் தகுதியானவன்தானா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அர்த்தநாரி தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரர். இளம் வயதில் மைசூருக்கு வந்து, ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் மர அச்சுப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். இரும்பை உருக்கி ஊற்றும் முன் அந்த வடிவத்தை மரத்தில் செய்யவேண்டும். மரத்தில் ஒரு நூல் பிசகினால் அதன்பிறகு வார்க்கும் ஒவ்வொரு இரும்புத் துண்டிலும் அந்தப் பிசகு இருக்கும். "எங்க தப்பு ஒண்ணோட போவாதுங்க, ஆயிரமா வந்து நிக்கும்" என்பார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வீடியோ கேம் பெட்டிகள் செய்ய ஆரம்பித்தார். அந்த வருடங்களில் கல்லூரிச் சாலைகளில் பார்லர்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. உள்ளே வைக்கும் சர்க்யூட் போர்டு பெங்களூரிலிருந்து வரும். திரைக்குப் பழைய டிவியைப் பிரித்துப் போடுவார்கள். மரப்பெட்டி மட்டும் இங்கேதான். ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்திய சாய்வான பலகை ஒன்று முன்பக்கம் இருக்குமே, அதில்தான் அவருக்கு அக்கறை. "பொட்டி யாரு வேணா செய்வாங்க. ஆடறவன் கை படற எடம் இந்தப் பலகைதானுங்க" என்பது அவர் பேச்சு.

மழைக்காலத்தில் இறுகிக்கொண்ட என் வீட்டுக் கதவைச் சரிசெய்ய வந்தபோதுதான் எனக்கு அவர் பழக்கம். வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டிருந்தவர் என் மேசைமேல் இருந்த ஒரு பலகையைப் பார்த்தார். ஓய்வு பெறும்போது சோதனைக்கூடத்தில் எனக்குக் கொடுத்த பழைய கருவி அது. பலகையில் இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கியும் மற்றொன்றில் வெளிநோக்கியும் இருக்கும். ஒரு கோட்டை நகர்த்தி இரண்டையும் சம நீளமாக்க வேண்டும். யார் செய்தாலும் தவறும். அம்புக்குறி கண்ணை ஏமாற்றிவிடும். எவ்வளவு தவறுகிறது என்பதைப் பலகைக்குப் பின்னால் உள்ள அளவுகோல் காட்டும். வருடா வருடம் மாணவர்களின் தவறுகளைக் குறித்து வைப்பது என் வேலையாக இருந்தது.

அர்த்தநாரி ஒரு கண்ணை இடுக்கி, ஒரே தள்ளலில் நகர்த்தி நிறுத்தினார். பின்னால் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அப்படியே. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உங்கள் கண் ஏமாறாத கண்" என்று சொல்லிவிட்டேன். ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்று அத்தனை மாணவர்களுக்குச் சொன்னவன் நான். மர அச்சில் நீளம் பார்த்துப் பழகிய கண் நீளத்தில் தவறவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். மற்றப் படங்களில் அது ஏமாறாது என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "படிச்ச மேஷ்ட்ரு வாயால சொல்லிட்டீங்க" என்றார். வாத்தியாரைக் கன்னட வழக்கில் அப்படித்தான் சொல்வார். அந்த வார்த்தையை அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

அடுத்த வாரமே வெறும் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாப் பார்லர்களிலும் அப்போது ஒரே மாதிரி மல்யுத்தக்காரர் ஸ்டிக்கரும் கார் ஸ்டிக்கரும்தான். "இந்த மாதிரி கண்ணைப் புடிச்சு இழுக்கற படம் இதுமேல போட்டா என்னுங்க? பாத்தவன் நிப்பான். நின்னவன் கை தானா ஸ்டிக்குக்குப் போவும்" என்றார். நான் ஓவியன் இல்லை என்று மறுத்தேன். "ஓவியம் யாரு கேட்டாங்க? கோடுதானுங்களே. கோடு போட உங்களுக்கு வராதா?" என்று கேட்டார். கோடு போட எனக்கு வரும். சார்ட் பேப்பரில் கறுப்பு மசியால் நான் வரைந்து, மூலப்படத்தை வைத்துக்கொண்டு நகலைக் கொடுப்பேன்; அவர் அதைப் பலகையில் ஒட்டி, மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு வைத்து, ஜாய்ஸ்டிக்குக்கும் பட்டனுக்கும் துளை போடுவார். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒருவர் வேலை கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் பலகையில் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி நெருக்கமான கதிர்க்கோடுகள். கண் அசைந்தால் அவை நீர்போல நெளியும். இரண்டாவதில் ஒரே அளவுள்ள இரண்டு பட்டன்கள். ஒன்றைச் சுற்றிப் பெரிய வட்டங்கள், மற்றொன்றைச் சுற்றிச் சிறிய வட்டங்கள். சிறிய வட்டங்களுக்கு நடுவில் உள்ள பட்டன் பெரிதாகத் தெரியும். நஞ்சப்பாவின் பார்லரில் இன்ஜினியரிங் மாணவர்கள் இரண்டு பேர் பெரிய பட்டன் பக்கம் யார் நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்களாம். கடைசியில் நஞ்சப்பா பட்டன்களைக் கழற்றிக் கல்லாமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "பொறியியல் படிக்கறவனுங்களாமுங்க" என்று சொல்லிச் சொல்லி அர்த்தநாரி சிரித்தார். அவர் மனைவி ரங்கம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு கெழவருங்க சேந்து ஊரை ஏமாத்தறீங்க. நாளைக்கு யாராவது அடிக்க வந்தா நான் கதவைச் சாத்திக்குவேன், ஆமா" என்றார்.

அதன்பிறகுதான் தசரா எக்ஸிபிஷனில் கடை எடுக்கும் எண்ணம் நஞ்சப்பாவுக்கு வந்தது. ஆறு பெட்டிகள் வேண்டும். முதலில் ஒன்றைச் செய்து காட்டச் சொன்னார். பிடித்தால் மற்ற ஐந்தும் அர்த்தநாரிக்கே. அவ்வளவு பெரிய வேலை அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை. "புதுசா ஒண்ணு போடுங்க மேஷ்ட்ரே" என்றார். நான் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கும். வரிசைகளுக்கு நடுவே மெல்லிய சாம்பல் நிறக் கோடு. கோடுகள் எல்லாம் நேர்கோடுகள்தான். ஆனால் பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்று, ஆப்பு மாதிரித் தெரியும். கடைசி வரிசையைப் பலகையின் முன் விளிம்பு வரை கொண்டுவந்தேன். விளிம்பில் அடிக்கும் மரச்சட்டத்துக்கே அந்தச் சாம்பல் நிறத்தைப் பூசச் சொன்னேன். அவர் மூன்று தடவை வர்ணம் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்.

முந்தைய படங்களைக் கொடுத்தபோதெல்லாம், இது இப்படித் தெரியும் என்று முன்கூட்டியே சொல்வேன். இந்தப் படத்துக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். மறக்கவில்லை. ஏமாறாத கண் என்று நானே சொன்ன கண் இதில் ஏமாறுகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். சொல்லாமல் கொடுத்தால்தான் சோதனை.

நஞ்சப்பா பார்க்க வந்த அன்று காலை நானும் கொட்டகையில் இருந்தேன். படம் ஒட்டியாகிவிட்டது, அக்ரிலிக் தகடு மட்டும் இன்னும் வரவில்லை. நஞ்சப்பா பலகையின் முன் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார்.

"ஏன் சாமி, பலகை சொட்டையா இருக்கே" என்றார். கோணலுக்குக் கன்னடத்தில் சொல்வது.

"சொட்டையா? என் பலகையா?" அர்த்தநாரி சிரித்துக்கொண்டே ரசமட்டத்தை எடுத்து விளிம்பில் வைத்தார். டேப்பை எடுத்து இரண்டு முனைகளிலும் அகலத்தை அளந்து காட்டினார். இரண்டும் ஒன்று.

"டேப்பு சரியா இருக்கலாம். நீங்களே கொஞ்சம் தள்ளி நின்னு நோடி, பாருங்க. கண்ணுக்குக் கோணலா இருந்தா, எக்ஸிபிஷன் வர்றவன் டேப்பு எடுத்துட்டா வரப்போறான்?"

அர்த்தநாரி தள்ளி நின்று பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போனதை நான் கண்டேன். அவருக்கும் கோணலாகத்தான் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். பலகை நேராக இருக்கிறது, படம்தான் அப்படிக் காட்டுகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை நான் வரைந்ததே பிசகாக இருந்தால்? கோணல் நான் நினைத்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. ஏதாவது ஒரு வரிசை உண்மையிலேயே சாய்ந்திருந்தால், நேர் என்று அடித்துச் சொன்ன பிறகு என் மானம் என்ன ஆவது? "வீட்டில் மூலப்படம் இருக்கிறது. சரிபார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். நஞ்சப்பா மூன்று நாள் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

இரண்டு நாள் அளந்தேன். ஒவ்வொரு கோட்டையும் இடது முனை, நடு, வலது முனை என்று மூன்று இடங்களில், இரண்டு தடவை அளந்து, அட்டவணை போட்டேன். பிசகு இல்லை. மூன்றாம் நாள் காலை அட்டவணையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனபோது கொட்டகைத் தரை முழுவதும் மரச்சுருள். முன்விளிம்பை அவர் இழைத்திருந்தார். இடது முனையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து வலது முனையில் கால் அங்குலம் வரை. சட்டத்தையும் புதிதாக அடித்து வர்ணம் பூசிவிட்டார். இப்போது பார்த்தால் விளிம்பு நேராகத் தெரிந்தது.

"டேப்பு பழசாயிடுச்சுங்க மேஷ்ட்ரே, இழுவை குடுத்திருக்கு. மட்டத்துலயும் கோளாறு போல. நம்ம கண்ணு தப்பாது இல்லீங்களா?" என்றார்.

ரசமட்டத்தையும் டேப்பையும் நம்பி வாழ்ந்த மனிதர், நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவற்றைச் சந்தேகப்பட்டிருந்தார். அட்டவணை என் பையிலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இழைத்தது இழைத்ததுதானே, நேராகத் தெரிகிறது, நஞ்சப்பாவும் ஒப்புக்கொள்வார், எல்லாம் நல்லபடியாகவே முடியட்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

நஞ்சப்பா வந்தார், பார்த்தார், "இப்போ சரியாச்சு நோடி" என்றார். அந்த நேரத்தில்தான் அக்ரிலிக் தகடும் வந்து சேர்ந்தது. கடையில் இயந்திரத்தில் வெட்டிய, நான்கு மூலையும் செங்கோணமான தகடு. அதை எடுத்துப் பலகைமேல் வைத்தார்கள். இடது முனையில் பொருந்தியது. வலது முனையில் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நஞ்சப்பா குரலைத் தாழ்த்தி, "சாமி, ஒரு தரம் கண் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் அர்த்தநாரி பதில் சொல்லியிருப்பார். மற்ற ஐந்து பெட்டிகளும் வேறொருவருக்குப் போயின. அர்த்தநாரிக்குக் கண் போய்விட்டது என்ற பேச்சு பார்லர் பார்லராகப் பரவியது.

பத்து நாள் கழித்து அவரே என் வீட்டுக்கு வந்தார். கொட்டகையைப் பூட்டிவிட்டதாக ரங்கம்மாள் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்காராமல், "அந்த அம்புப் பலகையைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி கொஞ்சம் நகர்த்தினார், யோசித்தார், பின்னுக்கு இழுத்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். என் மாணவர்களில் மிக மோசமானவன் செய்யும் தவறு. எண்ணைச் சொல்லவில்லை. அவரே எட்டிப் பார்த்துவிட்டார். "சரிங்க. ஆச்சு" என்றார். பலகையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும், வரிசையாக. மூலப்படத்தை மேசைமேல் விரித்து, இரண்டு வெள்ளைத்தாள்களால் கட்டங்களை மறைத்து, நடுவில் சாம்பல் கோட்டை மட்டும் விட்டேன். கோடு நேரானது. தாள்களை எடுத்தேன். சாய்ந்தது. அவர் தாள்களை என்னிடமிருந்து வாங்கி, தானே மூடினார், திறந்தார். ஏழெட்டு தடவை செய்திருப்பார்.

"அப்போ என் கண்ணு சரியாத்தான் இருக்குதுங்களா?"

"எல்லாக் கண்ணுக்கும் அது கோணலாகத்தான் தெரியும். தெரியாவிட்டால்தான் டாக்டரிடம் போகவேண்டும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும். ஆனாலும் ஒரு சந்தேகம். அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று..."

"அளந்தீங்களா?"

"இரண்டு தடவை."

அவர் தலையை ஆட்டினார். "நான் அளந்ததை நம்பாம வுட்டேன். நீங்க அளந்து முடிக்காம வாயத் தொறக்கல. நம்ம ரெண்டு பேரையும் எங்க பழைய அச்சுப் பிரிவு மேஸ்திரிகிட்ட வுட்டா ரெண்டு காதையும் திருகியிருப்பாருங்க." அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது.

ஆனால் ஒன்று கேட்டார். "நஞ்சப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னாச் சாக்குன்னு நெனப்பாரு. நீங்க சொன்னா நம்புவாரு." மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். பார்லருக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். கல்லாவில் நஞ்சப்பா இருந்தார், சுற்றிலும் கூட்டம். கூட்டம் குறையட்டும் என்றேன். டீ குடித்தோம். கூட்டம் குறைந்தது. இன்னொரு டீ சொன்னேன். நான் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தேன். நஞ்சப்பா சத்தம் போட்டுச் சிரித்தால், அங்கே விளையாடும் மாணவர்கள் திரும்பிப் பார்த்தால், நான் என்ன செய்வேன்? அரை மணி நேரம் அர்த்தநாரி என் பக்கத்தில் நின்றார். ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "டீ நல்லா இருந்துதுங்க. போலாமுங்களா?" என்றார். திரும்பும் பஸ்ஸில் பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்த விஷயத்தை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

கொட்டகையை மறுபடி திறந்தார். வேலை முன்போல வரவில்லை. ஆனாலும் நாங்கள் இன்னும் நான்கு பலகைகள் சேர்ந்து செய்தோம். படங்கள் போட அவர் தயங்கவே இல்லை. கட்டங்களையே மறுபடி வரையச் சொன்னார். ஒரு புது விதி மட்டும் வைத்தார்: "படத்துக்கும் ஓரத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் சும்மா வுடுங்க. மரத்தோட நேரு மரத்துக்கு இருக்கட்டும்." படத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் வெறும் கறுப்புப் பட்டை விட்டேன். உள்ளே கோடுகள் சாய்ந்தன. விளிம்பு அசையாமல் நேராக நின்றது. அந்தப் படங்களைப் பற்றிப் பாடம் சொன்ன எனக்கு அது தோன்றவில்லை. யாராவது அந்தப் பழைய பலகையைச் சொல்லிக் கேலி செய்தால் அவர் சிரித்துக்கொள்வார். நான் பக்கத்தில் இருந்த சமயங்களிலும் சிரித்துக்கொண்டார்.

அவர் போன நான்காம் நாள் ரங்கம்மாளைப் பார்க்கப் போனேன். இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. 'மேஷ்ட்ரு பயந்த சுபாவம், நீ எதுவும் கேட்டுடாதே'ன்னும் சொன்னாரு." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவுது? எனக்கு அவரு கண்ணைப் பத்தித் தெரியாதா? அந்தக் கடைக்காரரு வாசல்ல நின்னு அத்தனை பேரு முன்னால பேசினாரே, அவருகிட்டச் சொல்லுங்க" என்றார். குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு நல்லதாகவே பட்டது.

அங்கிருந்து நேராக நஞ்சப்பாவின் பார்லருக்குப் போனேன். எதிர் டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. கூட்டம் இருந்தது. கல்லாவுக்கு முன் நின்று சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். கேட்டு முடித்த நஞ்சப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பெரியவங்க மேஷ்ட்ரே. செத்தவர் பேரைக் காப்பாத்த இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. யாருக்கு வரும் இந்த மனசு? கோணலா இழைச்சா என்ன, அவர் நல்ல மனுஷர்தான். நான் குறையாச் சொல்லலே" என்றார்.

அவர் நம்பவில்லை. இவ்வளவு தாமதமாக வந்த உண்மை அவருக்கு உபகாரம்போலத் தெரிந்தது. நான் அவரிடம் ஒரு தாள் கேட்டேன். பழைய காலண்டர் தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல ஸ்கேல் வைத்திருப்பேன். கல்லா மேசைமேலேயே பென்சிலால் கோடுகள் இழுத்தேன். கட்டங்களை அவர் பேனாவால் நிரப்ப ஆரம்பித்தேன். என்னை வருத்தப்படுத்த வேண்டாமென்று அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் கொடுக்கச் சொன்னார். விளையாட வந்தவர்கள் சிலரும் எட்டிப் பார்த்தார்கள். முதல் வரிசை அசிங்கமாகத்தான் வந்தது. இரண்டாவது வரிசை பாதி முடியும்போது நடுக்கோடு மெல்லச் சாய ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒருவன், "சார், கோடு வளையுது" என்றான். நஞ்சப்பா முன்னால் குனிந்தார்.

மூன்றாவது வரிசை முடிந்ததும் ஸ்கேலை என் கையிலிருந்து வாங்கி அவரே கோட்டின்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஹௌதா, அப்படியா..." என்றார். பிறகு, "அப்போ அன்னைக்கு அவர் முதல்ல காட்டின பலகை நேரா இருந்ததா?"

"நேராகத்தான் இருந்தது."

"நான் சொன்னேன்னுதான் இழைச்சாரா?"

"நீங்கள் சொன்னதாலும், நான் சொல்லாததாலும்."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே மேஷ்ட்ரே" என்றார். கேம் பெட்டிகள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. ரங்கம்மாளைப் பார்க்க மறுநாள் போவதாகச் சொன்னார். போனார் என்று கேள்விப்பட்டேன்.

உங்களுக்கும் அதையே எழுதுகிறேன். அன்று வாசலில் அந்தக் கதையைக் கேட்டுத் தலையசைத்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அர்த்தநாரி ஒரே ஒரு பலகையைக் கோணலாக இழைத்தார். கோணலாகத் தெரிந்தது என் படத்தால். அவர் கண்ணால் அல்ல.

அவர் தந்து என்னிடம் தங்கியிருப்பது எது என்று யோசித்தேன். அளந்து முடிக்கும்வரை காத்திராமல் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவது. அவர் இருந்தவரை எனக்கு அது வரவில்லை. இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. எதை எழுதினாலும் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு தடவை ஒப்புநோக்கி, ஒரு வாரம் வைத்திருந்து அனுப்புவது என் வழக்கம். இதை ஒரே தடவை எழுதினேன். திரும்பப் படித்துப் பார்க்காமல் இன்றே தபாலில் சேர்க்கிறேன். பிழை இருந்தால் யாராவது உடனே சொல்லுங்கள்.